குளிர்கால விடுமுறையும் நடுநிலை வகுப்பு மாணவரின் கல்வியும்

நம் நாட்டில் பள்ளி விடுமுறை என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலே. ஆனால் இமயமலையின் மடியில் வாழும் குழந்தைகளுக்கு நீண்ட விடுமுறை என்பது பனிக்காலத்தில் வருவது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலும், லடாக்கிலும், ஜம்மு பகுதியின் தோடா, கிஷ்த்வார் முதலிய மலை மாவட்டங்களிலும், இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி, கின்னௌர் போன்ற உயர்நிலங்களிலும் பள்ளிகள் குளிர்காலத்தில் மூடப்படுகின்றன. கல்வித் துறையின் வழக்கில் இவை 'குளிர்கால மண்டல'ப் பள்ளிகள். சமவெளியில் உள்ளவை 'கோடை மண்டல'ப் பள்ளிகள். ஒரே துறையின் கீழ் இருவகை நாள்காட்டிகள் இயங்குவது வெளியில் உள்ளோருக்கு வியப்பாகத் தோன்றலாம். அங்குள்ள அலுவலர்களுக்கு அது அன்றாட நடைமுறை.

பள்ளத்தாக்கு மக்கள் குளிர்காலத்தை மூன்று கூறுகளாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள்கள் 'சில்லை கலான்', அதாவது பெருங்குளிர். அடுத்த இருபது நாள்கள் 'சில்லை குர்த்', சிறுகுளிர். இறுதிப் பத்து நாள்கள் 'சில்லை பச்சா', குழந்தைக் குளிர். இந்த எழுபது நாள்களையும் உள்ளடக்கியே பள்ளி விடுமுறை அமைகிறது. அண்மை ஆண்டுகளில் சிறு வகுப்புகளுக்கு டிசம்பர் முற்பகுதியிலும், பெரிய வகுப்புகளுக்கு அதற்குச் சில நாள்கள் கழித்தும் விடுமுறை தொடங்கி, பிப்ரவரி இறுதிவரை நீடிக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு இது ஏறத்தாழ 75 நாள்கள்.

இந்த விடுமுறை தேவையா என்ற வினாவுக்கு இடமில்லை. சில்லை கலான் இரவுகளில் ஸ்ரீநகரில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் ஐந்து, ஆறு பாகை செல்வது சாதாரணம். தண்ணீர்க் குழாய் உறைகிறது. பாதையில் பனி படிகிறது. கணப்பு இல்லாத வகுப்பறையில் பென்சிலைப் பிடிக்க விரல் மடங்காது. ஆகவே பள்ளியை மூடுவது சரியே. மூடிய பின் அக்குழந்தையின் படிப்புக்கு யார் பொறுப்பு என்பதே ஆராயவேண்டிய வினா.

நாள் கணக்கு

முதலில் ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, அட்டவணையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலைநாள்களும் 1,000 கற்பித்தல் மணிகளும் வேண்டும் என்று விதித்துள்ளது. ஒன்று முதல் ஐந்து வரை இது 200 நாள்களும் 800 மணிகளும் ஆகும். 2019 அக்டோபர் 31 முதல் ஜம்மு-காஷ்மீருக்கும் இச்சட்டம் பொருந்துகிறது.

ஆண்டின் 365 நாள்களில் குளிர்கால விடுமுறை 75 நாள்களைக் கழித்தால் எஞ்சுவது 290. இதில் ஞாயிற்றுக்கிழமைகள் ஏறத்தாழ 41 நீங்கினால் 249. கோடையில் தரப்படும் சுமார் பத்து நாள் விடுமுறையையும், குளிர்காலத்திற்கு வெளியே வரும் பண்டிகை, அரசு விடுமுறை நாள்கள் ஒரு பதினைந்து, பதினெட்டையும் கழித்தால், கணக்கு 220-ஐத் தொட்டும் தொடாமலும் வந்து நிற்கிறது. அதாவது, காகிதத்திலேயே ஒரு நாளைக்கூட இழக்க இடமில்லை. தேர்வு நாள்களை நாம் இன்னும் கழிக்கவில்லை.

நடைமுறையிலோ பள்ளத்தாக்கில் இழந்த நாள்கள் மிகப் பல. 2014 செப்டம்பரில் பெருவெள்ளம். 2016 ஜூலை முதல் பல மாதங்கள் அமைதியின்மை. 2019 ஆகஸ்டில் மூடப்பட்ட பள்ளிகள் குளிர்கால விடுமுறையும் கழிந்து 2020 பிப்ரவரி 24 அன்று திறந்தபோது, சில வாரங்களுக்குள் கொள்ளைநோய் காரணமாக மீண்டும் மூடப்பட்டன. சமவெளிப் பள்ளி ஒன்றில் ஒரு மாதம் தவறினால் எங்கேனும் ஈடுசெய்ய இயலும். குளிர்கால மண்டலப் பள்ளியில் ஈடுசெய்வதற்கான மாதங்கள் பனிக்கு உரியவை.

மறதியின் அளவு

நீண்ட விடுமுறையில் மாணவர் எவ்வளவு மறக்கிறார்கள் என்பதைப் பற்றி மிகுதியாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அங்குக் கோடை விடுமுறை ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் என்பதால், கால அளவில் காஷ்மீர்க் குளிர்காலத்தோடு ஒப்பிடத்தக்கது. 1996-இல் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விடுமுறைக்குப் பின் மாணவர் சராசரியாக ஒரு மாதக் கற்றலை இழந்து திரும்புகிறார்கள் என்று கண்டனர். வாசிப்பைக் காட்டிலும் கணக்கில், அதிலும் கணக்கிடும் திறனில், இழப்பு மிகுதி. வாசிப்பில் வேறொரு செய்தி வெளிப்பட்டது. நடுத்தர வருவாய்க் குடும்பக் குழந்தைகள் விடுமுறையில் சற்று முன்னேறினர். வறிய குடும்பக் குழந்தைகள் பின்தங்கினர். பால்டிமோர் நகரில் 1982-இல் தொடங்கி ஒரே மாணவர் தொகுதியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த அலெக்சாண்டர், என்ட்விசில் முதலியோர் இதைக் குழாய் நீருக்கு ஒப்பிட்டனர். பள்ளி திறந்திருக்கும்போது குழாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விடுமுறையில் ஏழை வீட்டுக் குழாய் மட்டும் நின்றுவிடுகிறது.

இம்முடிவுகளை அப்படியே ஏற்பதற்கில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் சுட்டியுள்ளனர். தேர்வின் மதிப்பெண் முறையை மாற்றினால் வறியோர்-வசதியோர் இடைவெளி பெருகும் அளவும் மாறிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். மாணவர்களாகிய வாசகர்கள் இந்த எச்சரிக்கையை நினைவிற்கொள்வது நன்று. ஆயினும் பயிற்சி நின்றால் கணக்கு மறக்கக்கூடும் என்பதைப் புறக்கணிக்க இயலாது.

நடுநிலை வகுப்புகளைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு என்பது பெரும்பாலும் எண்ணும் பொருளைச் சார்ந்தது. ஆறாம் வகுப்பில் பின்னமும், குறை எண்களும், விகிதமும், எழுத்தால் எண்ணைக் குறிக்கும் இயற்கணிதமும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. ஒரு படி தளர்ந்தால் அடுத்த படி நிற்பதில்லை. நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் 'அசர்' கணக்கெடுப்பின்படி, 2024-இல் எட்டாம் வகுப்பு மாணவரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினரே மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க அறிந்திருந்தனர். இது குளிர்கால மண்டலத்திற்கு மட்டும் உரிய குறையன்று. ஆனால் அடித்தளம் இவ்வாறிருக்கையில் எழுபத்தைந்து நாள் இடைவெளி என்ன செய்யும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பதினொரு ஏடுகள்

சில ஆண்டுகளுக்கு முன், மார்ச் முதல் வாரத்தில், அலுவல் நிமித்தம் பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பள்ளி திறந்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. ஏழாம் வகுப்பு ஆசிரியை, மாணவர் எழுதிவந்த குளிர்கால வீட்டுப்பாட ஏடுகளைப் பெருமையோடு காட்டினார். அழகிய கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு, ஒரு பக்கமும் விடுபடவில்லை. ஏடுகளைப் புரட்டியபோது ஒரு கணக்கில் கண் நின்றது. நான்கில் மூன்றையும் எட்டில் ஒன்றையும் கூட்டினால் எட்டில் ஏழு வரவேண்டும். அந்த ஏட்டில் ஒன்பதில் ஏழு என்று இருந்தது. அடுத்த ஏட்டிலும் அதுவே, அதற்கடுத்ததிலும் அதுவே. பதினொரு ஏடுகளில் ஒன்பதில் ஏழு. கடையில் விற்கும் விடைக் கையேட்டின் அச்சுப் பிழை அத்தனை ஏடுகளிலும் பழுதின்றிப் படியெடுக்கப்பட்டிருந்தது.

ஆசிரியை சிரித்துவிட்டார், பிறகு வருத்தத்தோடு ஒரு செய்தி சொன்னார். இந்த ஏடுகளைத் திருத்தும் கடமை தமக்கு இல்லை. இப்பணியைக் கொடுத்தவர் இப்போது வேறு வகுப்பில் இருக்கிறார். தாம் மார்ச்சில் புதுப் பாடத்தைத் தொடங்கியாகவேண்டும் என்றார். எனக்கு இச்சிக்கலின் முடிச்சு அங்கேதான் தெரிந்தது.

காஷ்மீரில் நெடுங்காலமாக ஆண்டுத் தேர்வு அக்டோபர்-நவம்பரில் நடந்துவந்தது. நாட்டின் பிற பகுதிகளோடு ஒருமைப்பாடு கருதி 2022-இல் அது மார்ச்சுக்கு மாற்றப்பட்டது. 2024 அக்டோபரில், புதிதாகப் பதவியேற்ற அரசு ஒன்பதாம் வகுப்பு வரை பழைய நவம்பர்-டிசம்பர் பருவத்தை மீட்டது. இரு ஏற்பாட்டுக்கும் தக்க வாதங்கள் உள்ளன. தேர்வு நவம்பரில் முடிந்தால் குழந்தை மன நிம்மதியோடு குளிர்காலத்தைக் கழிக்கும். தேர்வு மார்ச்சில் என்றால், குளிரில் நடுங்கிக்கொண்டு படித்துத் தேர்வை எதிர்கொள்ளவேண்டும். தனிப்பயிற்சிக்குப் பணம் உள்ளவர்க்கே அது எளிது. பெற்றோர் பலர் பழைய முறையை விரும்பியதில் பொருள் உண்டு.

ஆனால் ஆட்சி நோக்கில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. மார்ச் முறையில் விடுமுறை ஒரு வகுப்பின் நடுவே விழுகிறது. வீட்டுப்பாடம் கொடுத்த ஆசிரியரே திரும்பவந்து அதைப் பார்ப்பார். நவம்பர் முறையில் விடுமுறை இரு வகுப்புகளின் இடையே, அல்லது புதிய வகுப்பு தொடங்கிய சில நாள்களில் விழுகிறது. பழைய ஆசிரியரின் கணக்கு முடிந்துவிட்டது. புதிய ஆசிரியரின் கணக்கு திறக்கப்படவில்லை. நிதித் துறையில் பணியாற்றியவர்கள் இந்நிலையை நன்கு அறிவர். பேரேட்டில் தலைப்பில்லாத செலவினத்தைப் போல, எந்த அலுவலரின் பொறுப்பிலும் வராத எழுபத்தைந்து நாள்கள் அவை.

நவம்பர் முறையைக் கைவிடவேண்டும் என்பது என் கருத்தன்று. அம்முறையைத் தேர்ந்துகொண்டால் இடைப்பட்ட நாள்களுக்கு ஒரு பொறுப்பாளரையும் ஆணையிலேயே குறிப்பிடவேண்டும் என்பதே. வகுப்பேற்றம் பெற்ற மாணவரை டிசம்பரிலேயே புதிய வகுப்பாசிரியரின் பெயரில் பதிந்து, விடுமுறைப் பணியை அவரே கொடுத்து, மார்ச் முதல் வாரத்தில் அவரே அதைப் பார்த்து, அதன்பின் பாடம் தொடங்கும்படி செய்வதற்குப் புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் இதனை அவசரமாக்குகிறது. 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட திருத்த விதிகளின்படி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாத மாணவருக்குக் கூடுதல் பயிற்சி அளித்து, முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்தவேண்டும். அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தலாம். இவ்விதியைப் பின்பற்றும் ஓர் ஆட்சிப்பகுதியில் நவம்பர்த் தேர்வின் முடிவு டிசம்பரில் வந்தால், அந்த இரண்டு மாதங்கள் எங்கே விழுகின்றன? சில்லை கலானில்! பயிற்சி தர ஆளில்லாத காலத்தில் பயிற்சி பெற்றதாகக் கொண்டு ஒரு பதின்மூன்று வயதுக் குழந்தையைத் தேர்வில் உட்காரவைப்பது முறையாகாது.

குழந்தையின் நேரமும் கணப்பின் விலையும்

பொருளியல் நோக்கில் குளிர்காலத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. செப்டம்பர், அக்டோபரில் ஆப்பிள் பறிப்பு; அக்டோபர் இறுதியில் பாம்போர் வயல்களில் குங்குமப்பூ கொய்தல். அப்போது வீட்டில் ஒவ்வொரு கையும் வேண்டப்படுகிறது; பள்ளியும் அப்போதுதான் திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் வயல் வேலை இல்லை. சால்வையில் ஊசிவேலை செய்யும் வீடுகளையும் கம்பளத் தறி உள்ள வீடுகளையும் நீக்கிப் பார்த்தால், குழந்தையின் நேரத்திற்கு மாற்றுப் பயன் மிகக் குறைந்திருக்கும் பருவம் இதுவே. கற்பதற்கு மிக மலிவான நேரம் என்றே கூறலாம். விலை உயர்ந்திருப்பது ஒன்றுதான்: வெப்பம்.

பெரும்பாலான வீடுகளில் குளிர்காலம் முழுவதும் ஓர் அறையே சூடாக்கப்படுகிறது. குடும்பம் முழுவதும் அதில்தான் இருக்கும். தளர்ந்த அங்கியான ஃபெரனுக்குள் கரியிட்ட காங்கிரியை வைத்துக்கொண்டு, தாத்தாவின் இருமலுக்கும் கைக்குழந்தையின் அழுகைக்கும் நடுவே பின்னக் கணக்கைப் போடவேண்டும். வசதியுள்ளோர் பிள்ளைகள் ஸ்ரீநகரின் கணப்பு வசதியுள்ள தனிப்பயிற்சி நிலையங்களுக்குச் செல்கின்றனர். மேல்தட்டினர் ஜம்முவுக்கோ தில்லிக்கோ இடம்பெயர்கின்றனர். பால்டிமோர் ஆய்வாளர்களின் குழாய் உவமை இங்கு அப்படியே பொருந்துகிறது.

தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் பாடம் நடத்தலாமே என்று தில்லியில் இருப்போர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2020 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட பி.எம். ஈ-வித்யா திட்டத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அலைவரிசை ஒதுக்கப்பட்டது. அது நல்ல முயற்சியே. ஆனால் பள்ளத்தாக்கின் மின்சாரம் பெரிதும் நீர்மின் நிலையங்களைச் சார்ந்தது. குளிர்காலத்தில் ஆறுகளில் நீர்வரத்து குறைந்து உற்பத்தி தாழும்போது, சூடாக்கும் கருவிகளால் தேவை உயர்கிறது. மின்வெட்டு தவிர்க்கமுடியாதது. மின்கலத்தில் இயங்கும் வானொலி இவ்வகையில் நம்பத்தக்கது என்பது என் எண்ணம். பழைய காலத்து மனிதனின் சாய்வு என்று இளைஞர்கள் இதைக் கருதினாலும் குற்றமில்லை.

உணவைப் பற்றியும் ஒரு சொல். நடுநிலை வகுப்பு மாணவருக்குப் பள்ளி மதிய உணவில் நாளொன்றுக்கு 150 கிராம் தானியமும் 700 கலோரி ஆற்றலும் 20 கிராம் புரதமும் விதிக்கப்பட்டுள்ளன. உடல் வெப்பத்தைக் காக்க அதிக உணவு வேண்டிய மாதங்களில் இது நின்றுவிடுகிறது. வறட்சியுற்ற பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கவேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பனி வறட்சியன்று. எனினும் அங்குக் கையாண்ட வழி இங்கும் ஆராயத்தக்கது.

செய்யக்கூடியவை

விடுமுறையில் கற்பித்தால் பயன் உண்டா என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2008-இல் பீகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு, பிரதம் நிறுவனத்தின் பாடப்பொருளோடு, கோடை விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சி முகாம்கள் நடைபெற்றன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு இதை ஆராய்ந்து, மாணவரின் வாசிப்புத் திறன் உயர்ந்ததைக் கண்டது. அதே பாடப்பொருளை வழக்கமான பள்ளி நாள்களில் அதே வகை ஆசிரியரிடம் கொடுத்தபோது அத்தகைய பயன் விளையவில்லை. பள்ளி நாள்களில் பாடத்திட்டத்தை முடிப்பதே வேலை. முகாமில் குழந்தைக்குத் தெரியாததைக் கற்பிப்பது வேலை. இம்முகாம்கள் தொடக்க வகுப்புகளுக்கானவை என்பதை நினைவிற்கொண்டே நடுநிலை வகுப்புக்கு இதனைப் பொருத்தவேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி'யும் இங்கு எண்ணத்தக்கது. மாதம் ரூ. 1,000 மதிப்பூதியம் பெற்ற தன்னார்வலர், தம் தெருவில் இருபது குழந்தைகளுக்கு மிகாமல் கூட்டி, மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை கற்பித்தனர். கார்த்திக் முரளிதரன் முதலியோர் சிறு வயதுக் குழந்தைகளிடையே நடத்திய ஆய்வில், கொள்ளைநோய்க் கால இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதங்களில் மீண்டதும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் நேர்ந்ததும் தெரியவந்தன. குளிர்கால மண்டலத்திற்கு இதில் உள்ள பாடம், குழந்தை நடந்து செல்லும் தொலைவுக்குள் கற்பிப்பவர் இருக்கவேண்டும் என்பது. பனியில் ஒரு கிலோமீட்டர் என்பது நீண்ட தொலைவு.

ஆகவே ஊருக்கு ஒரு சூடான அறை. நாற்பது நாள்கள், நாளுக்கு நண்பகலையொட்டி இரண்டு மணி நேரம். மொத்தம் 80 மணி. சட்டம் விதிக்கும் 1,000 மணிகளில் எட்டு விழுக்காடு. ஊரில் கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர், குறிப்பாகப் பெண்கள், மதிப்பூதியத்திற்குக் கிடைப்பர். மசூதியை ஒட்டிய ஹமாம் கூடங்கள் வெப்பமானவை. ஆனால் அங்குப் பெண் குழந்தைகள் கூடுவது வழக்கமன்று. எனவே அங்கன்வாடியோ ஊராட்சிக் கட்டடமோ பள்ளியின் ஓர் அறையோ தேர்ந்தெடுக்கப்படவேண்டும். லேயை அடுத்த பே கிராமத்தில், 1988-இல் தோன்றிய செக்மோல் அமைப்பின் மண் கட்டடங்கள் கதிரவன் ஒளியாலேயே கடுங்குளிரிலும் வெப்பமாக இருக்கின்றன. லடாக்கின் குளிர்கால வானம் தெளிவானது. பள்ளத்தாக்கில் மேகமும் மூடுபனியும் மிகுதி. அதனால் அம்முறையை அப்படியே கொண்டுவருவது இயலாது; ஆனால் புதிதாகக் கட்டும் வகுப்பறைகளில் ஒன்றையேனும் தெற்கு நோக்கி, இரட்டைக் கண்ணாடியோடு அமைக்கலாம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் கற்பிக்கவேண்டியவற்றுக்கு விடைக் கையேடு வேண்டாம். ஆறாம் வகுப்பின் குறை எண்களுக்குக் குளிர்காலத்தைவிடச் சிறந்த ஆய்வகம் எங்கே உண்டு? ஒரு வெப்பமானியைச் சாளரத்திற்கு வெளியே தொங்கவிட்டுக் காலையிலும் நண்பகலிலும் அளவு குறித்தால், −5 முதல் +6 வரை எத்தனை பாகை என்பது கரும்பலகை வினாவாக இராது. நாற்பது நாள்களின் அளவுகளைக் கட்டத் தாளில் வரைந்தால் வரைபடப் பாடம் முடிந்தது. ஒரு குவளைப் புதுப்பனியை உருக்கி எவ்வளவு நீர் கிடைக்கிறது என்று அளந்தால், பத்துக்கு ஒன்று என்ற ஏறத்தாழ விகிதம் புலப்படும். பழைய, இறுகிய பனியை உருக்கினால் விகிதம் மாறும். ஏன் என்று கேட்பதே அறிவியல் பாடம். கம்பளம் நெய்யும் வீடுகளில் 'தாலிம்' என்னும் குறியீட்டுத் தாள் உண்டு. எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைச் சிறு குறிகளால் வரிசையாக எழுதிய அதைத் தறியில் உள்ளோர் படித்து நெய்கின்றனர். எழுத்தால் எண்ணைக் குறிக்கும் இயற்கணிதம் அக்குழந்தையின் வீட்டிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியப் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மொழிப்பாடத்திற்கு ஊருக்கு நூறு கதைப் புத்தகங்களும், அவை கைமாறுவதைக் குறிக்க ஓர் ஏடும் போதுமானவை.

இரு பிரிவினரைத் தனியே எண்ணவேண்டும். கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா விடுதிகள் 2004-இல் நடுநிலை வகுப்புப் பெண் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டவை. குளிர்காலத்தில் விடுதி மூடப்பட்டு வீடு திரும்பும் பெண், மார்ச்சில் திரும்பி வருகிறாளா என்பதைத் தலைமையாசிரியர் பெயர் பெயராகச் சரிபார்க்கவேண்டும். வருகைப் பதிவேட்டில் மார்ச் மாதப் பக்கத்தை முந்தைய நவம்பர்ப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இடைநிற்றலின் தொடக்கம் தெரிந்துவிடும். குஜ்ஜர், பகர்வால் மக்களின் நிலை நேர்மாறானது. கோடையில் மந்தையோடு மலையேறும் அவர்கள் குளிர்காலத்தில் ஜம்முவின் அடிவாரங்களில் ஓரிடத்தில் தங்குகின்றனர். அக்குழந்தைகளுக்குக் குளிர்காலமே முழுமையான பள்ளிப் பருவம். அவர்களுக்கான பயிற்சியை அப்போது செறிவாக்குவதே பொருத்தம்.

இவை எதற்கும் பெருஞ்செலவு இல்லை. செலவின் பெரும்பகுதி விறகுக்கும் கரிக்கும் ஆகும். இதில்தான் நம் ஆட்சி நடைமுறை இடறுகிறது. எரிபொருள் மலிவாகவும் உலர்ந்ததாகவும் கிடைப்பது செப்டம்பர், அக்டோபரில். பனி விழுந்தபின் விலை ஏறும், பாதை அடைபடும், கிடைப்பதும் ஈர விறகாகவே இருக்கும். குளிர்காலப் பயிற்சிக்கான ஒப்பளிப்பு ஆணை டிசம்பரில் பிறந்து, தொகை பிப்ரவரியில் பள்ளிக் கணக்கை அடைந்து, மார்ச் 31-க்குள் செலவிட்டுப் பயனீட்டுச் சான்று அனுப்பும்படி கேட்டால், தலைமையாசிரியர் என்ன செய்வார்? பனி உருகியபின் வந்த விறகு அடுத்த குளிர்காலத்திற்காகக் கூரையின்றி நனைந்துகொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆணை ஆகஸ்டுக்குள் பிறப்பிக்கப்பட்டு, தொகை செப்டம்பரில் சேர்ந்து, அக்டோபர் முடிவதற்குள் விறகு அடுக்கப்பட்டிருக்கவேண்டும். மதிப்பூதியத்தைத் தனித் தலைப்பில் பிரித்து ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மாதந்தோறும் வழங்கலாம்.